ஓய்வு பெற்ற திகதி

கொழும்பிலிருந்து வந்த படிவம் நாலு பக்கம்.
முன்னாள் வீரர்களுக்கு ஏதோ கொடுக்கப்போகிறார்களாம்.
பதக்கமா பணமா, அது எழுதியிருக்கவில்லை.
அவர் கையெழுத்து மட்டும் வைப்பார்,
மற்றதெல்லாம் என் வேலை.
வங்கி அடகுக் கவுண்டரில் இருபத்தாறு வருடம்
ஊரார் தாலியை நிறுத்து
குன்றிமணி பிசகாமல் எழுதியவள்.

முழுப்பெயர்: கதிர்காமு குலவீரசிங்கம்.
மைதானத்துப் பலகைக்கு அது நீளம்.
‘குலா’ என்று போட்டார்கள்.
வீரமும் சிங்கமும் பெவிலியனில் இருந்தன.

ஆடிய ரெஸ்ட் போட்டிகள்: இரண்டு.
இன்னிங்ஸ் நாலு.
பூச்சியம். நாற்பத்தொன்று. ஆறு.
கடைசியாகப் பதினேழு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
“இதென்ன?” என்றேன்,
கலியாணம் முடித்து இருபத்துமூன்று வருடம் கழித்து.
“ஆட்டமிழக்கேல்லை” என்றார்
சூடை மீனின் முள்ளை எடுத்தபடி.

அவருடைய வலக்கைச் சின்னவிரல் மடியாது.
சோறு பிசையும்போது தனியே நிமிர்ந்து நிற்கும்.
பிறவிக் குறை என்று நினைத்திருந்தேன்.
நாற்பத்தொன்றில்
முப்பத்தெட்டாவது ஓட்டத்தில் உடைந்ததாம்.
மிச்சம் மூன்றையும் உடைந்த விரலோடு எடுத்தாராம்.
இதையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

கடைசி இன்னிங்ஸில்
மற்றப் பக்கம் நின்றவன் பதினோராம் ஆள்,
முழங்கால் நடுங்கிக்கொண்டு.
ஓவருக்கு ஐந்து பந்தைத் தானே மறித்து
ஆறாவதில் ஒரு ஓட்டம் ஓடி
அடுத்த ஓவரையும் தன் பக்கம் இழுத்து
அப்படியே முக்கால் மணித்தியாலம்.
ஒரு தரம் கணக்குப் பிசகிற்று.
அவன் கண்ணை மூடிக்கொண்டு வீசினான்,
குச்சி பறந்தது.
எல்லோரும் கைகொடுத்து உள்ளே போனார்கள்.
இவரும் போனார், கையுறை கழற்றாமல்.

அடுத்த அணியில் பெயரில்லை.
அதற்கடுத்ததிலும் இல்லை.
ஹபரணை றோட்டு பூட்டிக்கிடந்த காலம்,
கடிதம் வழியில் நின்றிருக்கும் என்று
மாமி இரண்டு வருடம் நம்பினாவாம்.
இவர் நம்பினாரா என்று நான் கேட்கவில்லை.
ஐஸ் பக்டரிக்கு வேலைக்குப் போனார்.
இன்னும் போகிறார்.
கச்சான் காற்றுத் தொடங்கினால்
வாசலில் நின்று, துறைமுகப் பக்கம் முகத்தைக் கொடுத்து
“இண்டைக்குப் பந்து உள்ளுக்கு வரும்” என்பார்
மீன்லொறிக்காரனிடம்.
அவனும் ஓமோம் என்பான்.

சராசரி என்றொரு கட்டம்.
மொத்தம் அறுபத்துநாலு.
நாலு தரமும் ஆட்டமிழந்திருந்தால்
நாலால் பிரித்துப் பதினாறு.
மீதியில்லை,
பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.
மூன்று தரம்தான் என்பதால்
இருபத்தொன்று தசம் மூன்று மூன்று மூன்று
என்று கட்டத்தைத் தாண்டி
மேசைவிரிப்புக்கும் வரப் பார்த்தது.
சராசரி மனிதர் என்றுதான் கழுத்தை நீட்டினேன்.
சராசரியே முடியவில்லை இவருக்கு.

கடைசிப் பக்கம், ஓய்வு பெற்ற திகதி.
பேனையை நீட்டினேன்.
“நான் எப்ப ஓய்வு பெற்றனான்?”
என்னைத்தான் கேட்டார், கோபமில்லாமல்,
வைத்த இடம் மறந்த சாவியைக் கேட்பதுபோல.

அன்றிரவு மோட்டார்சைக்கிளில் திரும்பும்போது
மக்கெய்சர் மைதானத்தடியில் நிறுத்தினார்.
உள்ளே மான்கள்.
ஸ்லிப்பில் மூன்று, கவரில் ஒரு குட்டி,
எல்லைக்கோட்டில் ஒரு கிழட்டுக் கலைமான்
பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு.
“பொயின்ற்றில ஒருத்தருமில்லை” என்றார்.
எனக்குக் கிரிக்கெட் தெரியாது.
ஆனாலும் பார்த்தேன். உண்மைதான்,
அங்கே புல் மட்டும் நின்றது.

படிவத்தை வெள்ளிக்கிழமை தபாலில் போட்டேன்.
பத்து நாளில் ஒரு பையன் எடுத்தான்,
நல்ல மரியாதையான குரல்.
“அம்மா, நாலாம் பக்கத்தில
ஒரு இடம் விடுபட்டிருக்கு.”

விடுபடவில்லை என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறி சுற்றும் சத்தம்.